மெல்ல வாசிக்கும்போது கேளுங்கள்

சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில், முதல் பகுதியின் நடுவே ஓர் இடம் உண்டு. வயலின்கள் பாடி முடித்த மெட்டை ஒரே ஒரு கிளாரினெட் வாங்கிக்கொண்டு, ஓசையைக் குறைத்தபடியே கீழே இறங்கும். மேற்கத்திய இசைக்குறிப்பில் மென்மையைக் குறிக்க ‘பி’ என்றொரு எழுத்து. இன்னும் மென்மை வேண்டுமென்றால் இரண்டு. இந்த மெட்டின் கடைசி நான்கு ஸ்வரங்களுக்கு சைக்கோவ்ஸ்கி ஆறு போட்டிருக்கிறார். அந்த நான்கையும் அவர் எழுதியது பஸூன் என்ற தாழ்குரல் ஊதுவாத்தியத்துக்கு. ஆனால் பஸூனின் அடி ஸ்தாயியில் அவ்வளவு மெல்ல வாசிப்பது மிகக் கடினம். அதனால் பல நடத்துநர்கள் அவற்றை பாஸ் கிளாரினெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அவை ஓய்ந்த அடுத்த கணம் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் இடி போல இறங்குகிறது.

இசையமைப்பாளர் எழுதியதையே மாற்றலாம் என்று தோன்றும் அளவுக்குக் கிளாரினெட் குடும்பத்தின் மேல் இந்த நம்பிக்கை எப்படி வந்தது? அது தெரிந்தால் நல்ல கிளாரினெட் வாசிப்பை எங்கே காது வைத்துக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நமக்கு இந்த வாத்தியம் புதிதல்ல. பேண்டு செட்டில் பார்த்திருக்கிறோம். கர்நாடக இசை மேடையில் ஏ.கே.சி. நடராஜன் வாசித்துக் கேட்டிருக்கிறோம். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வாத்தியங்கள் செய்துவந்த யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் 1700-ஐ ஒட்டி இதற்கு உருக்கொடுத்தார் என்பது பொதுவான கருத்து. ஆப்பிரிக்காவின் தான்சானியா, மொசாம்பிக் பகுதிகளில் வளரும் கருமரத்தைக் கடைந்து குழல் செய்கிறார்கள். அதன் தலையில் மவுத்பீஸ். மவுத்பீஸின் அடிப்பக்கத்தில் ஒற்றை ரீட். தெற்கு பிரான்சில் விளையும் ஒருவகை நாணலைச் சீவிச் செய்யும் இந்த ரீட்டின் நுனி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும்.

மேற்கத்தியப் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஏறக்குறைய ஒரே நீளம், இரண்டடிக்குச் சற்று மேல். ஆனால் கிளாரினெட் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். புல்லாங்குழல் இரு முனையும் திறந்த குழாய் போல வேலை செய்கிறது. கிளாரினெட்டில் ரீட் இருக்கும் முனை மூடிய முனை போல. மூடிய குழாயில் காற்றலை இரட்டிப்பு நீளம் கொள்கிறது, ஸ்வரம் இறங்குகிறது. இன்னொரு விளைவும் உண்டு. நாதஸ்வரத்தில் காற்றை அழுத்தினால் சட்ஜம் மேல் சட்ஜத்துக்குத் தாவும். கிளாரினெட்டில் மேல் சட்ஜத்தையும் தாண்டி அதற்கு மேலுள்ள பஞ்சமத்தில் போய் நிற்கும். முதல், மூன்றாம், ஐந்தாம் என ஒற்றைப்படை அதிர்வுகளே கீழ் ஸ்தாயியில் ஓங்கி நிற்பதுதான் காரணம். அடிஸ்தாயியில் நமக்குக் கேட்கும் அந்தக் குழிவான, இருண்ட நாதமும் அதனால் வருவதே.

மென்மையின் விஷயம் ரீட்டில் இருக்கிறது. பலமாக ஊதும்போது ரீட் ஒவ்வோர் அதிர்விலும் மவுத்பீஸின் வாயை முழுக்க அடைத்துத் திறக்கிறது. அந்த அடியில் மேல் அதிர்வுகள் நிறையப் பிறக்கின்றன. ஒலி பளிச்சென்று கூர்மையாகிறது. மெல்ல ஊதினால் ரீட் வாயை அடைக்காமல் நடுவிலேயே ஊசலாடும். மேல் அதிர்வுகள் முதலில் கழன்றுவிடுகின்றன. அடிப்படை ஸ்வரம் மட்டும் சுத்தமாக மிஞ்சுகிறது. அதாவது கிளாரினெட்டில் ஓசை குறையும்போது நாதத்தின் நிறமும் மாறுகிறது. அதனால்தான் ஒரு கார்வை எப்போது தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்றே தெரியாமல் வாசிக்க முடிகிறது. முடிகிறது என்பது வாத்தியத்தின் சலுகை. அதைச் செய்துகாட்ட உதட்டுக்கும் வயிற்றுத் தசைக்கும் பல வருடப் பயிற்சி வேண்டும். காற்று சற்றே தளர்ந்தால் ஸ்வரம் அறுந்துவிடும். சற்றே மிஞ்சினால் ‘டக்’கென்று முளைக்கும்.

பழைய இசைத்தட்டுகளை இதை மனதில் வைத்துக் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடத்துக்கு மேல் அடங்காது. நடுவில் வெட்டி ஒட்டவும் வழியில்லை. அந்த வசதி காந்த நாடா வந்த பிறகுதான். ஆகவே நாம் கேட்பது ஒரே மூச்சில் நடந்த வாசிப்பு. ஆனால் மிக மெல்லிய இடங்கள் தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும் என்று பதிவு செய்பவர்கள் அங்கே ஒலியைக் கூட்டிவிடுவதுண்டு. அளவை அப்படி ஏற்றலாம், நிறத்தை ஏற்ற முடியாது. மெல்ல வாசித்த ஸ்வரம் எவ்வளவு கூட்டினாலும் மெல்ல வாசித்த ஸ்வரமாகவே கேட்கும். நூற்றாண்டுக்கு அருகில் வந்துவிட்ட இரைச்சல் தட்டுகளிலும் பெரிய கலைஞரை அடையாளம் காண முடிவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மோட்சார்ட் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1791-இல், தன் நண்பர் ஆன்டன் ஸ்டாட்லருக்காக ஒரு கிளாரினெட் கான்செர்ட்டோ எழுதினார். அதன் நடுப்பகுதியை மட்டும் மூன்று பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேருமே ஆர்க்கெஸ்ட்ரா நாற்காலியில் வளர்ந்தவர்கள். 1940-இல் லண்டனில் ரெஜினால்ட் கெல் வாசித்தது முதலாவது. கிளாரினெட்காரர்கள் பெரும்பாலும் அசைவில்லாத நேர் ஸ்வரமே வாசிப்பார்கள். கெல் அதில் பாடகர்போல் ஒரு மெல்லிய அதிர்வைச் சேர்த்தார். கூட வாசித்த ஓபோ மேதை லியோன் கூஸன்ஸின் பாதிப்பு அது. இரண்டாவது, 1949-இல் கரயான் நடத்த, வியன்னா பில்ஹார்மோனிக்கின் லியோபோல்ட் விளாக் வாசித்தது: அடர்ந்த, கனிந்த, அவசரமே இல்லாத நாதம். ஜெர்மன், ஆஸ்திரிய மரபில் சாவிகளின் அமைப்பு வேறு. ரீட்டை நூலால் சுற்றிக் கட்டுகிறவர்கள் அங்கே இன்றும் உண்டு. மூன்றாவது, 1961-இல் ஜார்ஜ் செல் நடத்தும் கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ராவுடன் ராபர்ட் மார்செல்லஸ். பிரெஞ்சு வழி வந்த அமெரிக்கப் பாணி. ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததற்குள் கரைகிறது. கெல்லின் அதிர்வு சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்றைத்தான் எடுத்துப் போகலாம் என்றால் மார்செல்லஸை எடுப்பேன்.

அந்தக் கரைதல் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரே ஓர் இடம் போதும். கீழ்ப் பகுதியின் உச்ச ஸ்வரத்துக்குக் குழலின் துளைகள் பெரும்பாலும் திறந்திருக்கும். நாதம் சற்று அடைத்தாற்போல இருக்கும். அடுத்த ஸ்வரத்துக்கு ஏறக்குறைய எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். நாதம் திடீரென்று நிறைந்துவிடும். இந்த மேட்டைத் தாண்டியதே தெரியாமல் தாண்டுகிறாரா என்று கவனியுங்கள்.

அரங்கில் நேராகக் கேட்கும்போது கண்ணுக்கும் வேலை உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா கிளாரினெட்காரர் இரண்டு குழல்களை வைத்திருப்பார், அரை ஸ்வர வித்தியாசத்தில். ஒன்றை வாசிக்கும்போது மற்றது குளிர்ந்து சுருதி இறங்கும். அதனால் தனி வாசிப்பு வருமுன் அதை எடுத்துச் சத்தமில்லாமல் சூடான மூச்சை உள்ளே விட்டுக்கொண்டிருப்பார். துளை மூடியில் நீர் தேங்கினால் சிகரெட் சுற்றும் காகிதத்தை அடியில் வைத்து ஒற்றியெடுப்பார்.

சிபேலியஸின் முதல் சிம்பொனி அரங்கில் கேட்கக் கிடைத்தால் தாமதமாகப் போகாதீர்கள். டிம்பனியின் மெல்லிய உருட்டலுக்கு மேல் தனிக் கிளாரினெட்டோடு அது தொடங்குகிறது, பிறகு உருட்டலும் நின்று குழல் மட்டும் மிஞ்சுகிறது. ராக்மனினோவின் இரண்டாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதியின் தொடக்கத்திலேயே கிளாரினெட் பாட ஆரம்பித்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் விடாது. எங்கெங்கே மூச்செடுக்கிறார் என்று பாருங்கள். தேர்ந்த கலைஞர் மெட்டே ஒரு கணம் நிற்க விரும்பும் இடத்தில் எடுப்பார். அது அவருக்குத் தேவைப்பட்ட மூச்சு என்பதே கேட்பவருக்குத் தோன்றாது.