கிளைகளும் பேசும்

நரம்பணுவின் படத்தை வரையும் மாணவர் எவரும் அதனுடன் ஓர் அம்புக்குறியையும் சேர்த்தே வரைவர். டென்ட்ரைட்டுகள் எனப்படும் கிளை இழைகள் செய்தியை வாங்குகின்றன. செல் உடலம் அதனைத் தொகுக்கிறது. ஆக்சான் என்னும் நீள் இழை அதனைத் தன் முனைக்குக் கொண்டுசெல்கிறது. அம்முனையிலிருந்து வெளிப்படும் நரம்புணர்வு கடத்தி அடுத்த நரம்பணுவை அடைகிறது. செய்தி செல்லும் திசை ஒன்றே என்னும் இவ்விதியை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாண்டியாகோ ரமோன் இ கஹால். நுண்ணோக்கியில் கண்டவற்றைத் தம் கையாலேயே வரைந்து வைத்த அவர், 1906ஆம் ஆண்டின் நோபல் பரிசை இத்தாலியின் கமில்லோ கோல்கியுடன் பகிர்ந்துகொண்டார். அவ்விதி பெரும்பாலான நரம்பணுக்களுக்கு இன்றும் பொருந்துகிறது. எனினும், அதற்கு முற்றும் கட்டுப்படாத நரம்பணுக்களும் உண்டு. நடுமூளையில் உள்ள ஒரு சிறு கூட்டம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

அக்கூட்டம் உறையும் இடத்தை இலத்தீன் மொழியில் 'சப்ஸ்டான்சியா நைக்ரா' என்பர். 'கரும்பொருள்' என்பது அதன் பொருள். நியூரோமெலனின் என்னும் நிறமி செறிந்திருப்பதால் மனித மூளையில் இப்பகுதி வெறும் கண்ணுக்கே கருமையாகத் தோன்றும். இங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளை ஆக்குகின்றன. இவற்றின் ஆக்சான்கள் பெருமூளையின் உட்புறமுள்ள ஸ்ட்ரையாட்டம் என்னும் பகுதிக்குச் சென்று அடர்ந்து கிளைக்கின்றன. எலியின் ஒரே ஒரு நரம்பணுவினுடைய ஆக்சான் கிளைகள் அனைத்தையும் கூட்டினால் ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் வரும்! டோபமினின் பணியை ஆய்ந்தோர் கண்களும் அத்திசையிலேயே சென்றதில் வியப்பில்லை.

1975ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களான அண்டர்ஸ் பியோர்க்லண்ட், ஒல்லே லிண்ட்வால் இருவரும் டோபமினை ஒளிரச் செய்யும் முறையில் எலியின் கரும்பொருளை ஆராய்ந்தனர். செல் உடலங்கள் மட்டுமன்றி, அவற்றிலிருந்து இறங்கும் டென்ட்ரைட்டுகளும் ஒளிர்ந்தன. செய்தியை வாங்க மட்டுமே உரிய கிளைகளில் கடத்திக்கு என்ன வேலை? அவை டோபமினை வெளிவிடவும் கூடும் என அவர்கள் கருதினர். அடுத்த சில ஆண்டுகளில் எலியின் மூளைத் துண்டுகளிலும், உயிருள்ள பூனையின் மூளையிலும் நிகழ்ந்த சோதனைகள் அக்கருத்தை உறுதிசெய்தன. கரும்பொருளில் டோபமின் ஆக்சான் முனைகள் மிக அரிது. ஆகவே, அங்கு வெளிப்படும் டோபமின் செல் உடலத்திலிருந்தும் டென்ட்ரைட்டுகளிலிருந்தும் வந்ததாகவே இருத்தல் வேண்டும்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. ஆக்சான் முனையில் கடத்தியை நிரப்பிய நுண்பைகள் திரண்டு கிடக்கும். டென்ட்ரைட்டுகளிலோ அவை மிகச் சிலவே. அப்படியானால் டோபமின் நுண்பையிலிருந்து வெளிப்படுகிறதா, வேறு வழியில் கசிகிறதா? இதற்கு விடை காணத் துணைநின்ற பொருள், இந்திய மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறப்படும் ரெசர்பின் ஆகும். நுண்பைகளுக்குள் டோபமின் நிரம்புவதை அது தடுத்துவிடும். ரெசர்பின் தந்த முயல்கள் அசைவற்றுக் கிடந்ததையும், எல்-டோபா செலுத்தியதும் அவை மீண்டும் இயங்கியதையும் 1957இல் காட்டியவர் ஆர்விட் கார்ல்சன்; டோபமினின் தனிச்சிறப்பை உணர்த்திய அவர் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர். கரும்பொருளிலும் ரெசர்பின் அதே விளைவைத் தந்தது. 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு டோபமின் நரம்பணு வெளிவிடும் கடத்தி அண்டை நரம்பணுவில் எழுப்பும் மின்னோட்டத்தையே அளந்தனர். ரெசர்பினுக்குப்பின் அம்மின்னோட்டம் மறைந்தது. எனவே, எண்ணிக்கையிற் குறைவாயினும் நுண்பைகளே இங்கும் செயற்படுகின்றன. ஆக்சான் முனையைப் போலவே இங்கும் கால்சியம் அயனி உள்ளே நுழைந்தாக வேண்டும். ஆனால் அதைவிடக் குறைந்த அளவே போதுமானது. செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் சேமித்துள்ள கால்சியமும் கைகொடுக்கிறது.

இவ்வாறு வெளிப்பட்ட டோபமின் அண்டை நரம்பணுக்களிலும், அதை வெளிவிட்ட நரம்பணுவிலும் உள்ள டி2 ஏற்பிகளைச் சேர்கிறது. உடனே பொட்டாசியம் வழிகள் திறக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியேற, நரம்பணுவின் துடிப்பு தணிகிறது. விரைவுக் கடத்திகள் சில மில்லி நொடிகளில் வேலையை முடித்துவிடும். இத்தடையோ ஏறக்குறைய ஒரு நொடி வரை நீடிக்கும். மிகுதியாகத் துடிக்கும் கூட்டம் தன் வேகத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. தொலைவிலுள்ள ஸ்ட்ரையாட்டத்திற்கு எவ்வளவு டோபமின் செல்லவேண்டும் என்பதில் கிளைகளின் இப்பேச்சுக்கும் பங்குண்டு.

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதத்தில் அழிவன இந்நரம்பணுக்களே. கை நடுக்கமும் உடல் விறைப்பும் மந்தநடையும் ஸ்ட்ரையாட்டத்தில் ஏற்படும் டோபமின் குறைவால் விளைவன என்றே பெரும்பாலும் விளக்குவர். அவ்விளக்கம் சரியானதே, எனினும் முழுமையானதன்று. நரம்பணு மடியும்போது அதன் ஆக்சானுடன் டென்ட்ரைட்டுகளும் மடிகின்றன. கரும்பொருளும் தன் டோபமினை இழக்கிறது. நோயாளர்க்குத் தரப்படும் எல்-டோபா மாத்திரை மூளைக்குள் புகுந்ததும் ஸ்ட்ரையாட்டத்தில் மட்டுமன்றி, கரும்பொருளிலும் டோபமினாக மாறுகிறது.