மாமனாரின் பென்ஷன்

மாதம் பிறந்ததும் எங்கள் மாமனார் பாஸ் புத்தகத்தோடு பாங்குக்குக் கிளம்பி விடுவார். திரும்பி வந்ததும் மாமியார் கேட்பார், "ஏதாவது ஏறியிருக்கா?" மாமா பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றுவார்.

குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர் எங்கள் குரோம்பேட்டை. கம்பெனி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். மாமா 2004-ல் ஓய்வு பெற்றபோது பென்ஷன் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். இன்றும் அதேதான்! அன்று அதில் அரிசி, பருப்பு, பால் எல்லாம் அடங்கின. இன்று இரண்டு பேர் மாத்திரைக்கே காணவில்லை. எதிர் வீட்டு மாமா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருக்கு அகவிலைப்படி ஏறிக்கொண்டே போகிறது. கம்பெனிக்காரர்களுக்கு 1995 நவம்பரில் வந்த பென்ஷன் திட்டத்தில் அகவிலைப்படியே கிடையாது. கணக்குக்கு எடுத்துக் கொள்ளும் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. மாமா ஓய்வு பெற்ற சமயம் அது 6,500 ரூபாய். 2014-ல்தான் 15,000 ஆயிற்று.

அதே 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். மாமாவுக்குத்தான் அதற்கு மேலேயே வருகிறதே, அதனால் ஒரு பைசா கூடவில்லை. 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபோது வீடே பரபரத்தது. கடைசியில் பார்த்தால், 2014 செப்டம்பருக்கு முன்பே, கூடுதல் பென்ஷனுக்கு எழுதிக் கொடுக்காமல் ஓய்வு பெற்றவர்களுக்கு அதில் இடமில்லையாம். அன்று மாமா சரியாகச் சாப்பிடவில்லை.

போன மாதம் அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன், பிரஷர் மாத்திரைகள் பாதி பாதியாக உடைத்து வைக்கப்பட்டிருந்தன. "என்ன மாமா இது?" என்றேன். "தலை சுத்தல் இல்லையேம்மா, பாதி போதும்" என்கிறார். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைப்பது எவ்வளவு ஆபத்து! உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

சகோதரிகளே, கணவர் கம்பெனியில் வேலை பார்க்கிறாரா? பி.எஃப். கணக்கில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். அவருக்குப் பின் மனைவிக்குப் பாதி பென்ஷன், குறைந்தது 1,000 ரூபாய் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க மறந்தால் பென்ஷன் நின்றுவிடும். நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்துக் கொள்கிறார்.

மாத்திரைச் சீட்டை இப்போது நானே கடைக்கு எடுத்துப் போகிறேன். மாமா பணத்தை நீட்டினால் வாங்குவதில்லை. சாயங்காலம் பேத்திக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தர அவர் பையிலும் ஏதாவது இருக்க வேண்டாமா?