அரிப்புக்கு இலக்காகும் நிலங்கள்

அரசாங்க அறிக்கை ஒன்றைத் தமிழாக்கியபோது, அதிலிருந்த படத்தின் தலைப்பை ‘அரிக்கப்பட்ட நிலங்கள்’ என்று எழுதிவிட்டேன். தமிழறிந்த மண்ணியல் வல்லுநர் ஒருவர் அதைத் திருத்தினார். போய்விட்ட மண்ணையன்று, இனிப் போகக்கூடிய மண்ணையே அப்படம் காட்டுகிறது என்றார். ஒரு சொல் பிழைதான். ஆயினும் பொதுப்பணத்தை எங்கே செலவிடுவது என்பதே அதனால் மாறிவிடும்.

தாமோதர் நதியின் மேற்பள்ளத்தாக்கை நோக்குவோம். அது இன்றைய ஜார்க்கண்டில் உள்ளது. 1943-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின், 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் நிறுவப்பெற்றது. 1953 முதல் 1959 வரை திலையா, கோனார், மைதான், பஞ்சேத் அணைகள் எழுந்தன. மேட்டு மண் அடித்துவரப்பட்டு அணையில் படியப்படிய, நீர் தேங்கும் இடம் குறைகிறது. அத்தனை மேட்டுநிலத்திலும் ஒரே சமயத்தில் வரப்புக் கட்டுவது இயலாத காரியம். எங்கே தொடங்குவது?

காண்போர் கண்ணை முதலில் ஈர்ப்பவை ஆழ்ந்த ஓடைப்பள்ளங்களே. பாறையைத் தொட்டுவிட்ட பள்ளத்தில் இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது? அவ்வட்டாரத்தார் ‘டாண்ட்’ என வழங்கும் மேட்டுநிலமோ மெல்லிய சரிவுடையது. அபாயம் எதுவும் அங்கே தோன்றாது. மழை அதனைப் படலம் படலமாக உரித்துச் செல்கிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் ஏறக்குறைய 13 டன் போயிற்று என்று பொருள். உழுகிறவர் கண்ணுக்கும் அது புலப்படாது.

ஆகவே கண்ணை நம்பாமல் கணக்கை நாடினர். மழையின் வேகம், மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் சாய்வும், நிலத்தை மூடிநிற்கும் பயிர், வரப்பு முதலிய காப்பு ஆகியவற்றைப் பெருக்கி இழப்பை மதிப்பிடும் சமன்பாட்டை, அமெரிக்க அறிஞர்களான விஷ்மையரும் ஸ்மித்தும் 1965-இல் வெளியிட்டனர். அதன் முறைப்படி, சாய்வு நூற்றுக்கு 5 என்பதிலிருந்து 10 ஆனால், இழப்பு இரண்டரை மடங்காகிறது. சரிவின் நீளம் இரட்டித்தால், ஹெக்டேருக்கு ஏற்படும் இழப்பு சுமார் 1.4 மடங்காகிறது. வரப்பு அந்த நீளத்தைத்தான் துண்டிக்கிறது.

பெயர்ந்த மண் அனைத்தும் அணையை எட்டுவதுமில்லை. வழியிலுள்ள ‘டோன்’ என்னும் தாழ்ந்த நெல்வயல்கள் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பாலி, கராலே என்னும் இந்திய அறிஞர்கள் 1977-இல் வகுத்த வண்டல் குறியீடு, அரிப்புடன் மண் அணையைச் சென்றுசேரும் விகிதத்தையும் சேர்த்து எண்ணுகிறது. அதைக் கொண்டு நீர்ப்பிடிப்புகளை ‘மிக அதிகம்’ முதல் ‘மிகக் குறைவு’ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். இன்று செயற்கைக்கோள் படங்கள் இவ்வேலையை விரைவாக்கியுள்ளன. மண்ணின் ஆழமறிய மட்டும் ஒருவர் நேரில் சென்று குழிதோண்டியாக வேண்டும்.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. ஒருவரது மேட்டு மண் பக்கத்து நெல்வயலிலேயே தங்கிவிட்டால், அணைக்கு நட்டமில்லை. ஆதலால் அவரது நிலம் கடைசி வகுப்பில் சேரக்கூடும். அவர் இழந்ததோ அதே 13 டன். அவருக்காக வரையவேண்டிய படம் வேறு.