உங்களுக்குத் தெரியுமா? ஐந்து கோலில் நழுவிய தங்கம்

● சர்வதேச ஹேண்ட்பால் சம்மேளனம் 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தவர், ஸ்வீடனின் மக்னுஸ் விஸ்லாண்டர். 1964-ல் கோதன்பர்க் நகரில் பிறந்தவர். நாட்டுக்காக 384 ஆட்டங்கள் ஆடி, 1,185 கோல்கள் போட்டிருக்கிறார்.

● 1990-ல் பிராக் நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே, அப்போதைய ஒலிம்பிக் சாம்பியன் சோவியத் யூனியன். 27-23 என்று ஸ்வீடன் வென்றது. 1958-க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் உலகக் கோப்பை அது. அடுத்தது 1999-ல், கெய்ரோவில், ரஷ்யாவுக்கு எதிராக ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். இரண்டு அணியிலும் விஸ்லாண்டர் உண்டு. ஐரோப்பிய சாம்பியன் பட்டங்கள் நான்கு.

● ஆனால் ஒலிம்பிக்? 1992 பார்சிலோனாவில் முன்னாள் சோவியத் குடியரசுகளின் கூட்டணியிடம் 20-22. 1996 அட்லாண்டாவில், தனி நாடாகி ஐந்தே ஆண்டுகளான குரோஷியாவிடம் 26-27. 2000 சிட்னியில் ரஷ்யாவிடம் 26-28. மூன்றும் இறுதி ஆட்டங்கள், மூன்றிலும் வெள்ளி. தோல்வி வித்தியாசத்தை எல்லாம் கூட்டினாலும் ஐந்து கோல்தான். ஓர் அணி ஒரே ஆட்டத்தில் சர்வசாதாரணமாக இருபது கோலுக்கு மேல் போடும் விளையாட்டு இது என்பதை நினைத்தால், மனசு ஆறவில்லை.

● நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தும் சென்டர் பேக் ஆகப் பேர் வாங்கியவர், பின்னாளில் பிவட் இடத்துக்கு மாறினார். சென்டர் பேக் கோலைப் பார்த்தபடி நிற்பார். மைதானம் முழுக்க அவர் கண்ணில் இருக்கும். பிவட் பெரும்பாலும் கோலுக்கு முதுகைக் காட்டி, ஆறு மீட்டர் கோட்டோரம் தடுப்பாட்டக்காரர்களின் நடுவே நிற்க வேண்டும். இழுப்பார்கள், நெட்டுவார்கள். அதற்கிடையே பந்தைப் பிடித்து, திரும்பி, நொடியில் எறிய வேண்டும். ஒன்றில் உச்சம் தொட்டவர் முப்பது வயதுக்கு மேல் இன்னொன்றைக் கற்று, அதிலும் உலகத் தரத்தில் ஆடினார். பதக்கங்களைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

● 1990-ல் அவர் சேர்ந்தபோது, ஜெர்மனியின் கீல் நகர அணி லீக் பட்டம் வென்று 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1994-ல் அந்த வறட்சி தீர்ந்தது. 2002-ல் அவர் விடைபெறுவதற்குள் ஏழு பட்டங்கள்! அவர் அணிந்த 2-ஆம் எண் சட்டையைக் கீல் அணி வேறு யாருக்கும் தருவதில்லை.

● ஸ்டாக்ஹோமில் 2002 ஐரோப்பிய இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், ஜெர்மனியை 33-31 என ஸ்வீடன் வென்றபோது அவருக்கு வயது 37. பிறகு தன் பழைய ஸ்வீடன் கிளப்பான ரெட்பெர்க்ஸ்லிட்ஸுக்கே திரும்பி, 2005 வரை ஆடினார்.

● ஸ்வீடன் ஆண்கள் அணி 2012-ல் லண்டனில் மறுபடியும் ஒலிம்பிக் இறுதிக்கு வந்தது. அணியின் பயிற்சியாளர்கள் ஸ்டாஃபன் ஓல்சன், ஓலா லிண்ட்கிரென். இருவரும் விஸ்லாண்டரோடு ஆடி வெள்ளி வாங்கியவர்கள். பிரான்ஸிடம் 21-22. திரும்பவும் வெள்ளி.