செவிலியரின் மருத்துவ முடிவெடுத்தல்

செவிலியரின் மருத்துவ முடிவெடுத்தல் என்பது, நோயாளியிடம் காணும் அறிகுறிகளைக் கொண்டு எதை உடனே செய்வது, எதைப் பொறுத்துப் பார்ப்பது, எப்போது மருத்துவரை அழைப்பது என்று செவிலியர் தீர்மானிப்பதாகும். மருந்து எழுதுவதும் அதன் அளவை மாற்றுவதும் மருத்துவரின் பணி. ஆனால் நோயாளியின் நிலை மாறும் நேரத்தில் அருகில் இருப்பவர் பெரும்பாலும் செவிலியரே. அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் கிறிஸ்டீன் டேனர் 2006-இல் இதனைக் கவனித்தல், பொருள் கொள்ளுதல், செயல்படுதல், எண்ணிப்பார்த்தல் என நான்காகப் பிரித்து விளக்கினார்.

வீட்டில் பராமரிப்பு

மருத்துவமனையில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. நோயாளியின் வீட்டில் அது இல்லை. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இதன்கீழ் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கின்றனர். செவிலியர்கள் படுக்கையில் உள்ளோரைச் சென்று பார்க்கின்றனர்.

எடுத்துக்காட்டு: 'மயக்கம்'

பாரூர் போன்ற ஓர் ஊரில் முதிய நீரிழிவு நோயாளி ஒருவர் "மயக்கமா இருக்கு" என்கிறார் எனக் கொள்வோம். தமிழில் இச்சொல் தலைசுற்றல், கண் இருட்டல், சோர்வு, நினைவிழத்தல் அனைத்தையும் குறிக்கும். தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள ஓசூர், சூளகிரிப் பக்கங்களில் குழப்பம் இன்னும் கூடும். எழும்போது மட்டும் வருகிறதா, வியர்க்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார் என்று கேட்டாக வேண்டும்.

எழுந்து நின்றதும் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், அழுத்த மாத்திரையின் விளைவாக இருக்கலாம். வியர்வையுடன் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ் இருந்தால், உணர்வுள்ளவருக்கு 15 கிராம் சர்க்கரையை (ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி) நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைக்க வேண்டும்.

இதுவரை விதிப்படி நடக்கலாம். அதற்கு அப்பால்தான் மருந்தறிவு தேவைப்படுகிறது. மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமாகக் குறைவது அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு எடுப்பவருக்கோ, குறிப்பாக முதியவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், ஒருமுறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மீண்டும் சரியலாம். ஒரே நல்ல அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், இரவில் அவரைக் கவனிக்க யாரும் இல்லாமல் போகலாம். அவர் அட்டெனலாலும் எடுப்பவரானால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகக்கூடும். வியர்வை மட்டும் மறையாது. கை நடுங்கவில்லை என்பதைக் கொண்டு சர்க்கரை குறையவில்லை என முடிவு செய்ய முடியாது.

அனுபவம் இங்கே உதவும், தடுமாறவும் வைக்கும். 'வெயிலில் வேலை செய்தவர், அதனால்தான்' என்ற பழகிய விடை, அளந்து பார்ப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது.

மருத்துவரிடம் தெரிவித்தல்

நிலை, பின்னணி, தன் கணிப்பு, தேவை என்ற வரிசையில் சொல்வது வழக்கம். "ஒருத்தர் மயக்கமா இருக்கார் சார்" என்றால் மருத்துவரால் எதையும் தீர்மானிக்க இயலாது. "68 வயது, சர்க்கரை 54, இனிப்பு கொடுத்தபின் 92, கிளிமெபிரைடு எடுப்பவர், காலையில் சாப்பிடவில்லை, மறுபடியும் குறையும்னு நினைக்கிறேன், அனுப்பட்டுமா சார்?" என்றால் முடியும்.