பன்னிரண்டு விழுந்தால் வெள்ளம்

மணிக்கணக்காக உட்கார்ந்து கணினியில் ஒரு நகரத்தைக் கட்டுகிறீர்கள். சாலை, கிடங்கு, வயல், படை எல்லாம் போட்ட திட்டப்படியே வளர்ந்திருக்கின்றன. அந்த நேரத்தில் திரையில் ஓடும் ஆறு கரையை உடைத்துக்கொண்டு பாதி நகரத்தை அடித்துப்போகிறது. யோசித்து ஆடுகிறவரை இப்படி ஒரு பேரிடர் கவிழ்க்கலாமா? முன்யோசனையால் வெல்ல வேண்டிய வியூக விளையாட்டுகளை உருவாக்குபவர்களிடையே இது நெடுநாள் விவாதம். இதற்கு விடை தேட ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பொருத்தமான ஊர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் இவ்வூர் விவசாயிகள் மழையோடு இதே ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவருகிறார்கள்.

முதலில் நம் திண்ணை விளையாட்டுகளைப் பார்ப்போம். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. கோடுகள் கூடும் 23 இடங்கள். பகடை கிடையாது. தோற்றால் முழுப் பொறுப்பும் தோற்றவருடையதே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே புலிகள் வாழும் உண்மையான காடு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அங்கே கோடையில் காட்டுத்தீ பற்றும், மழையில் ஓடைகள் பொங்கும். தரையில் கீறிய காட்டில் இவை எதுவும் நடக்காது.

அதற்கு நேர் எதிர்முனை பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடும் அந்த ஆட்டத்தில் ஏணியும் பாம்பும் எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? எந்தக் கட்டத்தில் போய் நிற்பது என்று முடிவெடுக்கும் உரிமை ஆடுபவருக்கு இல்லை. வல்லுநரும் ஐந்து வயதுக் குழந்தையும் அங்கே சரிசமம். பேரிடர் மட்டும் இருந்து, தற்காத்துக்கொள்ளும் வழி இல்லாத விளையாட்டு அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது தாயம். நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களில் மூன்றில் 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறுமை என்றால் தாயம். அதற்கு 16-இல் 2 வாய்ப்பு. கூட்டினால் 3 வருவதற்கு 4 வாய்ப்பு. 6 வருவதற்கு ஒன்றே ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் அதுதான் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வாய்ப்பு.

இந்தக் கணக்கில்தான் வியூகம் ஒளிந்திருக்கிறது. எதிரிக் காய்க்கு 3 கட்டம் முன்னால் நின்றால் அடுத்த உருட்டிலேயே வெட்டுப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 6 கட்டம் முன்னால் நின்றால் அது பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. பெருக்கல் குறியிட்ட மலைக் கட்டத்தில் ஏறிவிட்டால் வெட்டவே முடியாது. கட்டை எப்படி விழும் என்பது யார் கையிலும் இல்லை. எங்கே நிற்பது என்பது நம் கையில் இருக்கிறது. நல்ல தாய ஆட்டக்காரர்கள் இதை எழுதிக் கணக்குப் போடுவதில்லை. ஆடி ஆடியே கற்றுக்கொள்கிறார்கள்.

இயற்கைப் பேரிடரும் பெரும்பாலும் தாயத்தின் குணம் கொண்டதுதான். இடம் தெரியும், நேரம் தெரியாது. ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றைப் பாருங்கள். கோயில் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையுச்சியில் மட்டும் மழை கொட்டும். செங்குத்தான பாறைச் சரிவில் அந்தத் தண்ணீருக்குத் தங்க இடமில்லை. கொஞ்ச நேரத்தில் காட்டாற்று வெள்ளமாக இறங்கி, ஆற்றைக் கடந்து போனவர்களை அக்கரையிலேயே நிறுத்திவிடும். எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த வழியாக வரும் என்பதை அவ்வூர்ச் சிறுவனும் சொல்வான்.

அபூர்வம் என்று நாம் ஒதுக்கும் வெள்ளம்கூட அவ்வளவு அபூர்வமில்லை. நூறு ஆண்டு வெள்ளம் என்பது ஒவ்வோர் ஆண்டும் நூறில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம். அப்படியானால் 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்பகுதியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம்.

இப்படிப்பட்ட வானத்தோடு ஆட நம் முன்னோர் அமைத்த ஆட்டப்பலகைதான் கண்மாய். மண்கரை தண்ணீரைத் தேக்கும். மடை வயலுக்கு விடும். கூடுதல் தண்ணீர் வழிய ஒரு தாழ்ந்த கல் தளம் உண்டு, அதுதான் கலிங்கு. மேல் கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்தது. ஓரிடத்துக்கு வெள்ளமாக வந்தது அடுத்த இடத்துக்குப் பாசனமாகிவிடுகிறது.

பழைய கலிங்குகள் பலவற்றின் மேல் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். அலங்காரத்துக்காக நட்டவை அல்ல அவை. கற்களின் இடைவெளியைப் பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் கண்மாய் இன்னும் சில அடி கூடுதலாகக் கொள்ளும். ஆனால் அடைத்த பிறகு பெருமழை வந்தால் கரையே உடையலாம். எனவே மழைக்காலத் தொடக்கத்தில் திறந்து வைத்து, மழை ஓயும் தறுவாயில் அடைக்க வேண்டும். சீக்கிரம் அடைத்தால் ஆபத்து. தாமதித்தால் தண்ணீர் நட்டம். ஒரு வரிசைக் கல்லுக்குள் இவ்வளவு பெரிய முடிவு அடங்கியிருக்கிறது.

கணினி விளையாட்டுகளும் மெல்ல இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. வில் ரைட் உருவாக்கி 1989-இல் வெளிவந்த ‘சிம்சிட்டி’யில் தீ, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உண்டு, வேண்டாமென்றால் அணைத்து வைக்கவும் வழி உண்டு. 1991-இல் வந்த ‘சிவிலைசேஷன்’ பஞ்சத்துக்குத் தானியக் கிடங்கையும் வெள்ளத்துக்கு மதிலையும் மாற்றாக வைத்தது. 2019-இல் அதன் ஆறாம் பதிப்புக்கு வந்த ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கத்தில் ஆறு பொங்கினால் கட்டடம் சேதமாகும். ஆனால் நிலம் வளமாகவும் கூடும். வெள்ளம் கொண்டுவரும் வண்டலைக் கோடையில் கண்மாயிலிருந்து வெட்டி வயலுக்கு அடிக்கும் விவசாயிக்கு இந்த விதி புதிதில்லை.

கணினிக்குள் பேரிடரை உருட்டுவது யார்? அதற்குள் கட்டை கிடையாது. இருப்பது கணக்கு மட்டுமே. ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொள்ளும். அதை விதை எண் என்பார்கள். நம் விதை 7 என்று வைப்போம். 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 38-இல் மீதி 6. அதே கணக்கை 6-க்குச் செய்தால் 1. பிறகு 8, 11, 10, 5 என்று போகும். 0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்து முடிந்த பிறகே மறுபடி 7 வரும். தாயத்தின் 16 விதங்களையும் ஒற்றை வரிக் கணக்கு உருட்டிக் காட்டிவிடுகிறது!

கூர்ந்து பார்த்தால் ஒரு ஓட்டை தெரியும். ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் மாறி மாறியே வருகின்றன. சூட்டிகையான ஆட்டக்காரர் இதைப் பிடித்துவிட்டால் வெள்ளத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதனால் பெரிய மென்பொருள்கள் மிக நீண்ட சுழற்சி கொண்ட முறைகளை நாடுகின்றன. ஜப்பானின் மகோத்தோ மத்சுமோத்தோவும் தகுஜி நிஷிமுராவும் 1997-இல் உருவாக்கிய ‘மெர்சென் ட்விஸ்டர்’ அவற்றுள் புகழ்பெற்றது. அதன் எண் வரிசை முதலிலிருந்து திரும்புவதற்கு முன் உருளும் தடவைகளை எழுத வேண்டுமென்றால் 6,002 இலக்கங்கள் தேவை.

கணக்கு சரியாக இருந்தாலும் மனம் ஒப்புக்கொள்வதில்லை. ‘சிவிலைசேஷன்’ படைத்த சிட் மையர் 2010-இல் ஓர் உரையில் இதை விளக்கினார். வெல்லும் வாய்ப்பு நான்கில் மூன்று என்று காட்டிவிட்டு ஆட்டக்காரர் தோற்றால், கணினி ஏமாற்றுகிறது என்றே நினைக்கிறார். நான்கில் ஒருமுறை தோற்க வேண்டும் என்பது கணக்கு. தோற்கவே மாட்டேன் என்பது மனம். எனவே தோல்வி அடுத்தடுத்து வராதபடி வாய்ப்பையே சற்று வளைத்தார்கள்.

மேட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வெளிவந்த ‘பாண்டெமிக்’ பலகை விளையாட்டின் வழி இன்னும் அழகு. அதில் கொள்ளைநோய் அட்டைகளை மொத்தக் கட்டில் கலந்துவிட மாட்டார்கள். கட்டைச் சம அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்கு ஒரு கொள்ளைநோய் அட்டையைச் செருகிக் குலுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் நோய் வருவது உறுதி. அடுக்கின் எந்த அட்டையில் வரும் என்பது மட்டும் புதிர். ஐப்பசி, கார்த்திகையில் மழை உண்டு என்று தெரிந்தும் எந்த நாள் என்று தெரியாமல் காத்திருக்கும் நம் பருவமழை நிலை இதுவேதான்.

ஆகவே என் விடை: வியூக விளையாட்டில் இயற்கைப் பேரிடர் கட்டாயம் வேண்டும், நான்கு நிபந்தனைகளோடு. எங்கே வரக்கூடும் என்பது தெரிய வேண்டும். தற்காப்புக்கு வழி இருக்க வேண்டும். அந்த வழி ஏதாவது ஒரு விலை கேட்க வேண்டும். அடி வாங்கியவர் எழுந்து ஆட இடம் இருக்க வேண்டும். இவை இல்லாத பேரிடர் பரமபதப் பாம்பு. இவை இருந்தால் அதுவே ஆட்டத்தின் உயிர். எல்லாம் திட்டப்படியே நடக்கும் உலகில் திட்டமிடக் கற்றவருக்கு, கிடங்கில் ஒரு பங்கு நெல்லை ஒதுக்கி வைக்கத் தோன்றாது.

வீட்டில் தாயக்கட்டை இருந்தால் நீங்களே சோதிக்கலாம். உங்கள் கண்மாயில் 4 பங்கு தண்ணீர். ஒரு உருட்டு ஒரு வார மழை. மொத்தம் 12 வாரம். விழுந்ததைக் கண்மாயில் கூட்டி, 3 பங்கை வயலுக்கு விடுங்கள். கலிங்கு திறந்திருந்தால் 12-க்கு மேல் வருவது கீழ்க் கண்மாய்க்குப் போய்விடும். அடைத்தால் 16 வரை தேங்கும். அதற்கு மேல் வந்தால் கரை உடைந்து கண்மாய் காலி. திறப்பதா, அடைப்பதா என்பதை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கண்மாயில் 10 பங்கு இருக்கையில் அடைத்தால் உடையும் வாய்ப்பு 16-இல் 1. 12 இருக்கையில் அடைத்தால் 16-இல் 4. அந்தப் பன்னிரண்டு 12 வாரத்துக்குள் ஒருமுறையாவது விழும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். கடைசியில் யார் கண்மாயில் தண்ணீர் அதிகமோ அவரே வெற்றியாளர். பிள்ளைகளோடு நான்கைந்து தடவை ஆடிப்பாருங்கள்; எந்த வாரத்தில் கலிங்கை அடைப்பது என்ற வாக்குவாதம் தானாகவே தொடங்கிவிடும்.