நொண்டும் வான்கோழியைத் தேற்றும் முறை

கொல்லையில் நான்கைந்து வான்கோழிகளை மட்டும் வைத்துக் காப்பாற்றி வரும் குடும்பத்தில், ஒரு பக்ஷி காலை ஊன்றமாட்டாமல் ஒதுங்கி உட்கார்ந்துவிடுமாயின் அது சிறு நஷ்டமன்று. பல மாதங்கள் தீனியிட்டு வளர்த்த பெட்டை, முட்டையிடும் பருவம் நெருங்கும்போது இவ்வாறு விழுந்துவிட்டால், அவ்வருஷத்து வருமானம் முழுதும் அதனோடு போய்விடும். வீட்டுப் பிள்ளைகள் பெயரிட்டு அழைத்து, கைத்தீனி கொடுத்துப் பழக்கிய பக்ஷியானால் வருத்தம் இரட்டிப்பாகும். இத்தகைய சமயத்தில் அநேகர் அறிந்த மருந்து கத்தி ஒன்றே. நொண்டிய பக்ஷியை உடனே அறுத்துவிடுவது, அல்லது மறுநாளே சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது வழக்கமாக இருந்து வருகிறது. இவ்விரண்டும் எப்பொழுதும் அவசியமல்ல; சில சமயங்களில் ஊருக்கே கேடாகவும் முடியும். நொண்டுதல் என்பது ஒரு வியாதியன்று, அது பல காரணங்களின் அடையாளம். காரணத்தைக் கண்டறிந்தால், காப்பாற்றத் தக்கதைக் காப்பாற்றலாம்.

பக்ஷியின் இயல்பு

வான்கோழி நம் நாட்டுக்கு உரியதன்று. மெக்ஸிகோ தேசத்தில் ஆதியில் வீட்டுப் பக்ஷியாக்கப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்றது. 1612-ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி ஜஹாங்கீர் பாதுஷாவின் சபைக்குக் கொண்டுவரப்பட்டது. பாதுஷா அதன் விநோதமான கழுத்தையும் நிறம் மாறும் தலையையும் கண்டு வியந்து சித்திரம் எழுதச் செய்தார்; மன்ஸூர் என்னும் சித்திரக்காரர் தீட்டிய வான்கோழிப் படம் இன்றும் லண்டன் காட்சிசாலையில் இருக்கிறது. அன்று அரண்மனைக்கு அதிசயமாயிருந்த பக்ஷி இன்று குடியானவரின் கொல்லைக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதாக, கறுப்பு நாட்டு வகையையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை என்னும் அமெரிக்க வகையையும் கலந்து உண்டாக்கப்பட்ட நந்தனம் வான்கோழி இப்பக்கங்களில் வளர்ப்பதற்குத் தக்கது.

சாதாரணக் கோழியைக் காட்டிலும் இது பல மடங்கு கனமுள்ளது. நன்கு வளர்ந்த சேவல் ஆறேழு கிலோ வரையும் இருக்கும். அவ்வளவு பாரத்தையும் இரண்டு மெல்லிய கால்களே தாங்குகின்றன. ஆகையால் கோழிக்குத் தானாகவே ஆறிவிடும் சிறு காயமும் வான்கோழியைப் படுக்கவைத்துவிடும். படுத்தபடியே கிடக்கும் பக்ஷிக்கு நெஞ்செலும்பின்மேல் தோல் புண்ணாகும்; நல்ல காலும் பாரத்தால் நசுங்கும்; எட்டாத தண்ணீரைக் குடிக்க இயலாமல், காலினால் அல்லாது தாகத்தினாலேயே மாண்டுபோவதும் உண்டு.

நொண்டுவதற்குக் காரணங்கள்

முதலாவது, அடியும் காயமும். உயரமான மதிலிலிருந்து குதித்தல், ஒரு காலைப் பிடித்து இழுத்தல், நாய் துரத்துதல், சேவல் மிதித்தல் ஆகியவற்றால் சுளுக்கும் எலும்பு முறிவும் உண்டாகும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகியிருப்பதால், அவற்றை அடுத்த வெளிநிலங்களில் மேயும் பக்ஷிகளுக்கு மற்றோர் அபாயமும் உண்டு. கம்பித் துண்டு, ஆணி, இரும்புச் சீவல் ஆகியவை பாதத்தில் தைக்கும். பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவும் நூலும் காலில் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நொண்டும் பக்ஷியின் விரலிடுக்குகளை முதலில் பார்க்க வேண்டுவது இதனாலேயே.

இரண்டாவது, உள்ளங்காற் புண். ஐப்பசி கார்த்திகை மழையில் கொட்டகைத் தரை ஈரமாகி எருவுடன் கலந்து கிடந்தால் பாதத்தின் தோல் ஊறி வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே கிருமிகள் புகுந்து, நடுவில் கறுத்த பொருக்குடன் உருண்டையாய் வீங்கும்.

மூன்றாவது, ஆகாரக் குறைவு. குஞ்சுகளுக்கு நொய்யும் தவிடும் மட்டுமே கொடுத்து வளர்த்தால் கால் வளையும், கணு பருக்கும், தசைநார் தன் இடத்தைவிட்டு நழுவும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நான்கு வாரங்களில் நூற்றுக்கு 28 பங்கு வரை புரதம் உள்ள தீனி வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனி இதற்குப் போதாது. நயாசின் என்னும் உயிர்ச்சத்தும் கோழியைவிட இதற்கு அதிகம் தேவை. வெயிலே படாமல் அடைத்து வளர்த்தால் எலும்பு மிருதுவாகும்.

நான்காவது, தொற்றுநோய். மூட்டுகள் சூடாய் வீங்குதல் சில கிருமிகளால் வரும். வெள்ளைக் கழிச்சல் என்று ஜனங்கள் கூறும் ராணிகேத் நோயிலும் கால் இறக்கை முடங்குதலும் கழுத்து முறுக்குதலும் காணப்படும். இந்தியாவின் வடக்கே மலைநாட்டு ராணிகேத் என்னும் ஊரில் 1920-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இதற்கு அப்பெயர் வந்தது. இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து இல்லை.

முதற் பரீக்ஷை

பக்ஷியைத் துரத்திப் பிடிப்பது காயத்தைப் பெருக்கும். அந்தி மயங்கியபின், அல்லது இருட்டறையில், அமைதியாகப் பிடித்தல் நலம். இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, கீழே கைகொடுத்துத் தாங்கவேண்டும். நெஞ்சை அழுத்தக் கூடாது. மனிதருக்குள்ளது போன்ற உதரவிதானம் பக்ஷிகளுக்கு இல்லை. நெஞ்செலும்பு ஏறியிறங்குவதனாலேயே அவை மூச்சு விடுகின்றன. ஆகையால் இறுகப் பிடித்த பக்ஷி கையிலேயே மூச்சுத் திணறி இறந்துவிடக்கூடும்.

பிறகு ஒரு காலை மற்றொரு காலோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பின்புறமாக மடியும் மூட்டை முழங்கால் என்று எண்ணுவது தவறு; அது குதிகால் மூட்டேயாம். மெய்யான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி, வீக்கம், சூடு, காயம், எலும்பு நெறுநெறுத்தல் ஆகியவற்றைத் தடவிக் காணவேண்டும். விரல்கள் குளிர்ந்து நிறம் மாறியிருந்தால் இரத்தம் செல்லவில்லை என்று அறிந்து உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

தனியிடமும் படுக்கையும்

நொண்டும் பக்ஷியை அன்றே பிரித்து வைத்தல் முதற்கடமை. காயமும் இரத்தமும் கண்டால் மற்ற வான்கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். ஆயினும் முற்றும் தனிமையில் விடப்பட்ட வான்கோழி தீனி எடாமல் வாடும். ஆதலால், காயமே காரணம் என்று தெரிந்தால், தட்டிக்கு அப்புறம் தன் கூட்டத்தைக் காணும்படி வைக்கலாம். நோய் என்று சந்தேகம் இருந்தால் தூரத்தில் வைத்து, மற்றவற்றைக் கவனித்த பிறகே கடைசியில் அதனிடம் செல்லவேண்டும். கோழிகள் அடைந்திருந்த கூண்டை இதற்கு உபயோகிக்கக் கூடாது. கோழிக்கு அதிகத் துன்பம் செய்யாத ஒரு நுண்கிருமி வான்கோழியின் குடலையும் ஈரலையும் கெடுத்து, கந்தக மஞ்சள் நிறக் கழிச்சலை உண்டாக்கிக் கொல்லும்.

தரையில் உலர்ந்த உமி அல்லது நறுக்கிய வைக்கோல் மூன்று நான்கு அங்குல கனம் பரப்பி, நனைந்த பாகத்தைத் தினமும் மாற்றவேண்டும். சாக்கு, காகிதம், வழுவழுப்பான சிமெண்டுத் தரை ஆகாது. தண்ணீரும் தீனியும் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். சித்திரை வைகாசி வெப்பத்தில் நிழலும் காற்றும் மிக முக்கியம். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் தீனிக்குமுன் நிறுத்துக் குறித்து வரவேண்டும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்துவிட்டால் வீட்டு வைத்தியம் போதாது என்பது நிச்சயம்.

சிகிச்சை

சுளுக்கு மட்டுமாயின் ஓய்வே மருந்து. மூன்று நான்கு நாட்களில் காலை ஊன்றத் தொடங்கி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தேறிவிடும். மூன்று நாளில் சிறிதும் குணம் காணாவிடில் வைத்தியரை நாடவேண்டும்.

காயத்தை, காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, போவிடோன் அயோடின் மருந்தைத் தடவலாம். சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றை அப்புவது புண்ணை ஆழமாக்கும். உள்ளங்காற் புண்ணை வெதுவெதுப்பான உப்பு நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துத் துடைத்து, மருந்திட்டு, பஞ்சு வைத்துக் கட்டி, கட்டைத் தினமும் மாற்றவேண்டும். உள்ளே கெட்டியான சீழ்முளை இருக்குமாயின் அதை வீட்டில் கத்தியால் தோண்டுதல் தகாது. அது வைத்தியர் செய்யவேண்டிய வேலை. அக்கிருமி மனிதர் கைப்புண்ணிலும் தொற்றும். கையுறை அணிந்து, பின் சோப்பினால் கைகழுவுதல் அவசியம்.

குதிகால் மூட்டுக்குக் கீழே, தோல் கிழியாமல் எலும்பு முறிந்திருந்தால், வைத்தியர் வரும்வரை மெல்லிய மூங்கில் தப்பை வைத்துக் கட்டலாம். தப்பைக்குள் பஞ்சு நிறைய இருக்கவேண்டும். கட்டு இறுகக் கூடாது. விரல்கள் வெளியே தெரியவேண்டும். காலையும் மாலையும் விரல்களைத் தொட்டுப்பார்த்து, குளிர்ந்தோ வீங்கியோ இருந்தால் உடனே தளர்த்தவேண்டும். பக்ஷிகளின் எலும்பு விரைவில் கூடும். ஒழுங்காய்க் கட்டிய முறிவு ஏறக்குறைய மூன்று வாரத்தில் உறுதிப்படும். மேற்பாகத்து முறிவும், எலும்பு வெளியே தெரியும் முறிவும் அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டியவை.

நிற்கவே இயலாத கனத்த பக்ஷிக்குத் துணித் தூளி பயன்படும். கெட்டித் துணியில் கால்கள் நுழைய இரண்டு துளையிட்டு, பாதம் தரையைத் தொடும் உயரத்தில் சட்டத்தில் கட்டி, ஒரு நாளில் சிலமுறை சிறிது சிறிது நேரம் நிறுத்தவேண்டும். பக்ஷி திமிறினால் நிறுத்திவிடவேண்டும். மூச்சு வாங்குகிறதா என்று கூடவே இருந்து பார்ப்பது இன்றியமையாதது.

ஆகாரக் குறைவால் நொண்டும் குஞ்சுக்குத் தகுந்த வான்கோழித் தீனியும், காலை வெயிலும், முருங்கைக் கீரை, வேலிமசால் முதலிய பசுந்தழைகளும் வேண்டும். கிளிஞ்சல் தூளை முட்டையிடும் பெட்டைக்குக் கொடுக்கலாம். வளரும் குஞ்சுக்கு மிகுதியாய்க் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். தசைநார் நழுவி நாளான கால் தீனியால் மட்டும் நேராகாது.

மனிதருக்குரிய வலி மாத்திரைகளைப் பக்ஷிக்குக் கொடுக்கவே கூடாது. டைக்ளோபினாக் என்னும் மருந்து ஏற்றிய கால்நடைகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால், 2006-ஆம் ஆண்டில் அதைக் கால்நடைகளுக்கு உபயோகிப்பது நம் நாட்டில் தடுக்கப்பட்டது. கடையில் கேட்டு வாங்கிய கிருமிக்கொல்லி மருந்தும் தக்கதன்று. வைத்தியர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் வரை முட்டையும் இறைச்சியும் உபயோகிக்கக் கூடாதென்று கேட்டு அதன்படி நடக்கவேண்டும்.

விட்டுவிட வேண்டிய நிலை

எல்லாப் பக்ஷியையும் பிழைக்கவைக்க முடியாது. தகுந்த சிகிச்சைக்குப் பின்னும் தீனி எடாமல் உருகிக்கொண்டும் வலியால் வாடிக்கொண்டும் இருப்பதை நாட்கணக்கில் வைத்திருப்பது ஜீவகாருண்யமாகாது. வைத்தியர் யோசனையின்படி துன்பமின்றி முடித்துவிடுதலே தருமம். நோயால் நொண்டிய பக்ஷியை உணவாக்குவதும் சந்தைக்கு அனுப்புவதும் கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பக்ஷிகள் நொண்டினாலும், கழுத்து முறுக்கினாலும், திடீர்ச் சாவு நேர்ந்தாலும் பறவைக் காய்ச்சல் போன்ற கொடிய நோயாக இருக்கலாம். கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும். அரசாங்கத்தின் நடமாடும் கால்நடை வைத்திய வண்டியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். வளர்ப்பு முறைகளில் யோசனை வேண்டுவோர், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்டுப்பாக்கம் நிலையத்தை அணுகலாம்.

தேறிய பின்

குணமான பக்ஷியைச் சில நாள் தட்டிக்கு அப்பால் பார்வையில் வைத்து, பிறகு தீனி நேரத்தில் கூட்டத்தில் விட்டு, அன்று முழுதும் கொத்துகின்றனவா என்று கவனிக்கவேண்டும். உட்காரும் பரண் இரண்டு அடிக்கு மேற்படலாகாது. தேறிய பெட்டையைச் சில வாரம் சேவலிடமிருந்து பிரித்து வைப்பது நல்லது. சேவலுக்கு ஐந்து பெட்டை என்ற கணக்குத் தவறி, பெட்டைகள் குறைவாக இருந்தால் மிதிகாயம் மீண்டும் நேரும்.

சங்கத்தார் செய்யத்தக்கது

இவை யாவும் ஒரு குடும்பம் தனியே செய்வதற்குச் சற்றுக் கடினமானவை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் எளியவை. கூட்டுறவு இப்பக்கத்துக்குப் புதிதன்று. 1904-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதல் கிராம நாணய சங்கம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரிலும், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவு நாணய சங்கம் காஞ்சீபுரத்திலும் தோன்றின. 1920-களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராம புனருத்தாரண நிலையத்தில், சிறு குடிகள் கோழி வளர்த்து, முட்டைகளைக் கூட்டாக விற்று லாபமடைந்தார்கள்.

அவ்வழியில் ஒவ்வொரு சங்கமும், அங்கத்தினர் பொது உபயோகத்துக்காக ஒரு தராசு, கழுவத்தக்க ஒரு தனிக் கூண்டு, பஞ்சு, கட்டுத் துணி, அயோடின் மருந்து, கையுறை அடங்கிய ஒரு பெட்டி ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். கூண்டை ஒருவர் திருப்பிக் கொடுத்ததும் கழுவி, கிருமிநாசினியிட்டு, வெயிலில் உலர்த்தாமல் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. ராணிகேத் தடுப்பு மருந்தை எல்லோருடைய பக்ஷிகளுக்கும் ஒரே நாளில் போட ஏற்பாடு செய்யலாம். மேய்ச்சல் வெளியில் கிடக்கும் கம்பியையும் நாடாவையும் மாதம் ஒருமுறை கூடிப் பொறுக்கினால் பாதி நொண்டல்கள் தோன்றாமலே போகும். நொண்டும் பக்ஷியை மறைத்து விற்கும் ஒருவர் தம் நஷ்டத்தை அயலார் கொல்லைக்கு மாற்றுகிறாரேயன்றி வேறில்லை. அதை வெளியிட்டுச் சொல்லும் அங்கத்தினருக்குத் துணைநின்று உதவுவதே சங்கத்தின் கடமை.